பந்தியில் உட்காருபவர், வாளி தூக்குபவர்: விருந்தை மையமாக வைத்த பல்பாத்திரப் படங்கள் குறித்த கேள்வி–பதில்

ஒற்றை நாயகன் இல்லை. எட்டுப் பத்துப் பேர் கதையைத் தூக்கிச் செல்கிறார்கள். நடுவில் ஒரு விருந்து: கல்யாணம், காதுகுத்து, மொய் விருந்து, தேவாலயத்தின் பொது விருந்தான அசனம், கோயில் அன்னதானம் என்று எதுவாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டைக் களமாகக் கொண்டு இப்படிப்பட்ட படத்தை எழுதுகிறவர்களும் எடுக்கிறவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். குறும்படத்துக்கும் முழுநீளப் படத்துக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

படத்தில் எத்தனை சமூகத்தினர் இருந்தால் பன்முகம் என்று சொல்லலாம்?

எண்ணிக்கையில் ஆரம்பித்தால் குடியரசு தின அலங்கார ஊர்தியில்தான் போய் முடியும். ஒரு தொப்பி, ஒரு சிலுவை, ஒரு பட்டை விபூதி, எல்லோரும் சிரித்தபடி ஒரே வரிசையில். பார்ப்பவர் யாரும் அதை நம்புவதில்லை.

வேலையை எண்ணுங்கள். ஒரு விருந்தில் குறைந்தது ஏழு வேலைகள் இருக்கின்றன: பணம் போடுவது, அழைப்பது, சமைப்பது, பரிமாறுவது, முதல் பந்தியில் உட்காருவது, கடைசிப் பந்தி வரை காத்திருப்பது, இலை எடுப்பது. ஒரு தாளில் ஏழு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் எந்தப் பாத்திரம் நிற்கிறது, அதற்குப் பெயர் உண்டா, வசனம் உண்டா, அந்தக் காட்சியில் அது எதையாவது தீர்மானிக்கிறதா என்று எழுதுங்கள். முதல் வரைவில் பெரும்பாலும் உட்காருபவர்களுக்குத்தான் பெயர் இருக்கும். மற்றவர்கள் ‘சமையல்காரர் 2’, ‘பரிமாறும் பையன்’, ‘இலை எடுக்கும் பெண்’. ஐந்து சமூகத்தவரை உட்கார வைத்துவிட்டு மற்ற ஆறு வேலைக்கும் பெயரில்லாதவர்களை நிறுத்தினால், அந்தப் படத்துக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: பந்தி வஞ்சனை, அதாவது ஒரே பந்தியில் ஆள் பார்த்துப் பரிமாறுவது.

சாப்பாட்டுக் காட்சிக்கு இவ்வளவு கனம் தேவையா?

இந்த மண்ணில் தேவை. ‘அந்த வீட்டில் கை நனைக்க மாட்டோம்’ என்ற ஒரு வாக்கியத்தில் ஒரு ஊரின் முழுக் கணக்கும் அடங்கிவிடும். பெண் கொடுக்கல் வாங்கலுக்கு முன்பே சாதி தன்னைக் காட்டிக்கொள்ளும் இடம் சோற்று இலை.

அரசியல் வரலாற்றிலும் இதற்கு இடம் உண்டு. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் 1922இல் தொடங்கிய குருகுலத்துக்குக் காங்கிரஸ் நிதி 5,000 ரூபாய் போயிருந்தது. அங்கே பிராமண மாணவர்கள் தனியாக உண்ண வைக்கப்பட்டது வெளியே தெரிந்து, 1924–25இல் பெரும் சர்ச்சையானது. 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாமல் போக, பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். ‘யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது’, ‘யாருக்கு எவ்வளவு இடம்’ என்ற இரண்டு கேள்விகளும் ஒரே ஆண்டில் ஒன்றாக வெடித்தன.

பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் சத்துணவு சமைப்பதைப் பெற்றோர் சிலர் எதிர்த்தார்கள். ஆகவே ‘எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்’ என்று ஒரு ஷாட் வைத்து முடிப்பது எளிது, ஆனால் அதற்கு முன்னால் யார் யாருக்கு என்ன விலை இருந்தது என்று படம் காட்டியிருக்க வேண்டும்.

ஒரே மண்டபமா, பல வீடுகளா? எந்தக் கட்டமைப்பு நல்லது?

பல வீடுகளுக்கு நல்ல முன்மாதிரி, குரிந்தர் சாதா இயக்கி 2000இல் வந்த ‘வாட்ஸ் குக்கிங்?’. லாஸ் ஏஞ்சல்ஸில் நன்றி நவிலும் நாள். வியட்நாமிய, லத்தீன், யூத, ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்கள் நான்கு. அந்த நாளுக்குரிய வான்கோழி நான்கு வீட்டுக்கும் பொது, சமைக்கும் கை வேறு. பொதுப் பொருள் ஒன்று இருப்பதால்தான் ஒப்பிட முடிகிறது. அது இல்லாமல் நான்கு வீட்டையும் மாற்றி மாற்றிக் காட்டினால் நான்கு குறும்படங்களை வெட்டி ஒட்டியது போலிருக்கும்.

தமிழ்நாட்டில் ஒரே நாளில் எல்லா வீட்டிலும் ஒரே பண்டம் வேகும் பண்டிகை கிடையாது. பொங்கலைச் சொல்வார்கள், ஆனால் அதிலும் வீட்டுக்கு வீடு வேறுபாடு உண்டு. அதனால் எங்கள் பரிந்துரை ஒரே மண்டபம், மூன்று பந்தி. முதல் பந்தியில் அப்பளம் நொறுங்கும், பாயசம் கெட்டியாக இருக்கும். இரண்டாவதில் கூட்டு முடிந்து வேறொரு பொரியல் வரும். மூன்றாவதில் சாம்பாரில் வெந்நீர் விழும், வடை பாதியாகும். அதே சாப்பாடு, மூன்று தரம். யார் எந்தப் பந்தியில் உட்காருகிறார் என்பதே கதையைச் சொல்லிவிடும்; வசனத்துக்கு வேலை குறைவு. ‘பந்திக்கு முந்து’ என்று சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை.

மொய் விருந்தும் நல்ல களம். பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் ஆடி, ஆவணியில் நடப்பது. கறிச்சோறு ஒருபக்கம், மொய் எழுதும் மேசை மறுபக்கம். முந்தைய மொய்க் கணக்கு நோட்டில் இருப்பதால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கடன் தானாகவே வந்துவிடுகிறது. எழுத்தாளருக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

எத்தனை முக்கியப் பாத்திரங்கள் தாங்கும்? பங்கீட்டை எப்படிச் சரிபார்ப்பது?

இரண்டு மணி நேரப் படத்துக்கு எட்டு. சமமாகப் பிரித்தால் ஆளுக்குப் பதினைந்து நிமிடம். அதற்குள் ஒரு ஆசை, ஒரு தடை, ஒரு முடிவு வந்தாக வேண்டும். பன்னிரண்டுக்கு மேல் போனால் பார்ப்பவர் பெயரை விட்டுவிட்டு அடையாளத்தைப் பிடித்துக்கொள்வார்: ‘அந்த பாய்’, ‘அந்த ஐயங்கார் மாமி’. நீங்கள் தவிர்க்க நினைத்தது அங்கேதான் உள்ளே வரும்.

வரைவு முடிந்ததும் மூன்று நிற மார்க்கரை எடுங்கள். ஒரு பாத்திரம் தன் சாதி, மதம், உடல், பாலினம் பற்றிப் பேசும் வரிகளுக்கு ஒரு நிறம். வேறு எதையாவது (கடன், பொறாமை, முட்டிவலி, வண்டிச் சாவி) பேசும் வரிகளுக்கு இன்னொரு நிறம். அடுத்தவரின் செயலை மாற்றும் வரிக்கு மூன்றாவது. முஸ்லிம் பாத்திரத்தின் வரிகளில் முதல் நிறம் பாதிக்கு மேல் இருந்தால், அது பாத்திரம் இல்லை, அறிவிப்புப் பலகை. மூன்றாவது நிறம் ஒருவருக்குச் சுத்தமாக இல்லையென்றால் அவரைப் படத்திலிருந்து எடுத்தாலும் கதை நகரும். அப்படியானால் கதையை மாற்றுங்கள், அவரை எடுக்காதீர்கள்.

உணவின் பெயரும் பேச்சும் எங்கே தவறுகின்றன?

எல்லா இடத்திலும். நிதானமாகப் பார்க்க வேண்டிய பகுதி இதுதான்.

‘சோறு’ என்பதும் ‘சாதம்’ என்பதும் ஒரே பொருள் அல்ல. ஒரே பாத்திரம் வீட்டில் சோறு என்றும் மண்டபத்தில் சாதம் என்றும் சொன்னால், அந்த ஒரு மாற்றத்தில் அவர் யார் முன்னால் கூசுகிறார் என்று தெரிந்துவிடும். உதவி இயக்குநர் அதைப் ‘பிழை’ என்று திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ் முஸ்லிம் வீடுகள் பலவற்றில் குழம்பு ‘ஆணம்’. வைணவ வீட்டில் ரசம் ‘சாத்தமுது’, பாயசம் ‘திருக்கண்ணமுது’, சமைப்பது ‘தளிகை’. நெல்லை, குமரிப் பக்கத்தில் விருந்து சமைக்கும் தலைமைக்காரர் ‘தவசிப்பிள்ளை’. அவரை ‘செஃப்’ என்று இன்னொரு பாத்திரம் கூப்பிட்டால், அவர்களுக்கிடையே உள்ள தலைமுறையும் ஊரும் வெளியே வரும்.

சொதி அடிக்கடி கவிழ்க்கும். திருநெல்வேலிச் சொதி தேங்காய்ப்பாலும் காய்களும் பாசிப்பருப்பும் சேர்ந்த விருந்துக் குழம்பு, சோற்றுக்கு ஊற்றுவது. கல்யாணத்தின் மறுநாள் மாப்பிள்ளை விருந்துக்குப் பேர்போனது. யாழ்ப்பாணச் சொதி மஞ்சள் நிறத்தில் தண்ணீராக இருக்கும், இடியப்பத்துக்கு. ஈழ அகதிக் குடும்பம் ஒன்றைக் கதையில் வைத்துவிட்டு அவர்கள் இலையில் நெல்லைச் சொதியை ஊற்றினால், அந்த மக்கள் தியேட்டரிலேயே சிரிப்பார்கள்.

சகன் சாப்பாடு அடுத்தது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் ஒரே பெரிய தட்டைச் சுற்றிச் சிலர் உட்கார்ந்து உண்பது. அவரவர் முன்னால் இருக்கும் பக்கத்திலிருந்து மட்டும் எடுப்பதுதான் ஒழுங்கு. பழக்கமில்லாத நடிகர்கள் தட்டின் அந்தக் கோடிக்குக் கை நீட்டுவார்கள். காட்சி அங்கேயே பொய்யாகிவிடும். ஒருநாள் ஒத்திகை போதும், ஆனால் அதே ஊர்க்காரர் ஒருவர் கூட உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். தென்மாவட்டத் தேவாலய அசனத்துக்கும் இதே பேச்சு: அதைக் கல்யாணச் சாப்பாடு மாதிரி அலங்கரிக்காதீர்கள், அண்டாவும் கூடையில் சோறும் வரிசையும்தான் அதன் அழகு.

தலைவாழை இலையின் நுனி உண்பவருக்கு இடப்பக்கம். இலையைத் தன் பக்கம் மடிப்பது சுபம், எதிர்ப்பக்கம் மடிப்பது துக்கம் என்பது பரவலான வழக்கம். எல்லா ஊரிலும் அப்படியில்லை, களத்தில் கேட்டு முடிவு செய்யுங்கள்.

தலித் பாத்திரங்களின் உணவைப் பற்றி ஒரு வார்த்தை. மாட்டுக்கறி வந்தால்தான் தலித் வீடு என்று கேமரா நினைப்பதும், அதைப் பயந்து மறைப்பதும் ஒரே கோளாறின் இரண்டு பக்கம். உப்புக்கண்டம் காயும் முற்றத்தில் வேறொரு சண்டை நடக்கட்டும். அந்தச் சண்டைக்கும் கறிக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கட்டும்.

அந்தந்தச் சமூகத்தவரே அந்தப் பாத்திரத்தில் நடிக்க வேண்டுமா?

நடிகரிடம் சாதிச் சான்றிதழ் கேட்கும் வேலையில் இறங்காதீர்கள். வட்டாரப் பேச்சுக்கு அந்த வட்டாரத்து நடிகரைத் தேடுவது முதல் வழி, எளிய வழி. எழுத்திலும் உதவி இயக்கத்திலும் அந்தப் பின்னணியிலிருந்து ஒருவராவது சம்பளத்தோடு இருப்பது இரண்டாவது. படம் முடிந்தபின் ஒருமுறை போட்டுக் காட்டிக் கருத்துக் கேட்பது இதற்கு ஈடாகாது, அப்போது திருத்தக் காசு இருக்காது.

திருநங்கை, திருநம்பிப் பாத்திரங்களுக்கும் மாற்றுத்திறனாளிப் பாத்திரங்களுக்கும் எங்கள் நிலை வேறு: அவர்களையே நடிக்க வையுங்கள். வாய்ப்பே குறைவாக உள்ள இடத்தில் ‘திறமைதான் முக்கியம்’ என்ற வாதம் எடுபடாது. மாற்றுத்திறனாளிகளைத் திரையில் காட்டுவது பற்றி உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் ஒரு தீர்ப்பில் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. கேலிப்பொருளாக்குவதையும், ‘சாதனை மனிதர்’ என்று ஒரேயடியாகத் தூக்கி வைப்பதையும் அது சேர்த்தே எச்சரிக்கிறது. தரையில் உட்கார முடியாதவருக்குப் பந்தியில் நாற்காலி யார் கொண்டுவருகிறார், எப்போது கொண்டுவருகிறார்? இது ஒரு முழுக் காட்சி.

துணை நடிகர்களை ‘கூட்டம் 40 பேர்’ என்று அழைக்காமல், பரிமாறும் ஆறு பேருக்காவது பெயரும் ஒரு சின்னக் குறிக்கோளும் கொடுங்கள். ஒருவருக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும், இன்னொருவருக்குச் செருப்பு அறுந்துவிட்டது. பின்னணியே உயிர்பெறும். பல கேட்டரிங் குழுக்களில் இன்று வடமாநில இளைஞர்கள் வாளி தூக்குகிறார்கள். அவர்களுக்கு ஒருவரியாவது அவர்கள் மொழியில் இருக்கட்டும், உடைந்த தமிழில் நகைச்சுவை வேண்டாம்.

பந்திக் காட்சிக்கு எவ்வளவு சாப்பாடு, எத்தனை இலை?

பன்னிரண்டு பேர் தெரியும் காட்சி என்று வைத்துக்கொள்வோம். அகல ஷாட் 2, ஒவ்வொன்றும் 4 டேக்: 12 × 8 = 96 இலை. நெருக்க ஷாட் 4, ஒவ்வொன்றும் 4 டேக், சட்டத்தில் (ஃபிரேமில்) மூன்று இலை மட்டும்: 48. ஆக 144. கிழிசல், சுருக்கம், கைத்தவறு என்று கால்வாசி சேர்த்து 180 இலை.

இலைக்கு 150 கிராம் வெந்த சோறு போதும். அப்படியானால் 27 கிலோ, வேகாத அரிசிக் கணக்கில் சுமார் 10 கிலோ. சாம்பார் இலைக்கு 100 மில்லி, 18 லிட்டர். எல்லாவற்றையும் காலையிலேயே சமைத்து வைக்காதீர்கள். இரண்டு ஈடாகப் பிரியுங்கள். வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றதை, சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றதை, நடிகர் வாயில் வைக்கக் கூடாது.

இலைக்கட்டை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். விளக்கு வெப்பத்தில் ஓரம் சுருளும். கொதிக்கக் கொதிக்கச் சோறு போட்டால் இலை பழுப்பாகும், அடுத்த டேக்கில் இலை பச்சையாக இருக்கும், எடிட்டர் தலையில் கை வைப்பார். சோற்றை ஆறவிட்டுப் பரிமாறி, ஆவி தேவைப்படும் ஒரே ஷாட்டில் மட்டும் சூடான சாம்பாரை ஊற்றுங்கள். பின்னாலிருந்து விளக்கும், இருட்டான பின்னணியும் இருந்தால்தான் ஆவி தெரியும். ரசம் இலையை விட்டு ஓடும். சோற்றில் பாத்தி கட்டிய பிறகே ஊற்றச் சொல்லுங்கள்.

இலைக்கு எண் கொடுத்து, ஒவ்வொரு ‘கட்’டுக்குப் பிறகும் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். உண்பவரின் கையையும் படமெடுங்கள். சாம்பார் விரலோடு பேசியவர் அடுத்த ஷாட்டில் மோர் விரலோடு இருப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

நடிகர்கள் எல்லாவற்றையும் சாப்பிட முடியாதே?

வேண்டியதில்லை. எந்த வசனத்தில் கவளம் வாய்க்குள் போகிறது என்று வசனத் தாளிலேயே குறியுங்கள், மற்ற நேரம் பிசையட்டும். துப்புவதற்கு மூடியுள்ள பாத்திரம் ஆளுக்கொன்று. படப்பிடிப்புக்கு ஒரு வாரம் முன்பு ஒரு தாளில் கேளுங்கள்: சைவமா, ஹலாலா, விரதமா, நோன்பா, நிலக்கடலையோ இறாலோ ஒவ்வாதா. கறி உண்ணாதவருக்குப் பலாக்காயோ காளானோ மசாலாவில் புரட்டினால் திரையில் வித்தியாசம் தெரியாது. ரமலானில் பகல் பந்திக் காட்சி வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

தரைப் பந்தியில் கேமரா எங்கே நிற்க வேண்டும்?

உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டரை அடி. பெரும்பாலோர் கேமராவை அங்கே வைத்துவிடுகிறார்கள். அந்த உயரத்தில் பரிமாறுபவர் ஒரு வேட்டி, ஒரு வாளி, ஒரு கை. முகம் சட்டத்துக்கு மேலே வெட்டுப்படும். எழுத்தில் அவருக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் படத்தில் தலையை எடுத்துவிடுகிறோம். வாளி தூக்குபவரின் கண்ணுயரத்திலிருந்து, வரிசை முழுவதும் நடந்து வரும் ஒரு ஷாட்டாவது எடுங்கள். அங்கிருந்து பார்த்தால் உண்பவர்கள் எல்லாரும் குனிந்த தலைகள். கதையின் எடை சட்டென்று இடம் மாறும்.

எதிரெதிர் வரிசையில் பேச்சு நடந்தால் நடுவழியை அச்சாக வைத்து ஒரே பக்கம் நில்லுங்கள். தாண்ட வேண்டுமானால் பரிமாறுபவரோடு சேர்ந்து நடந்து தாண்டுங்கள், பார்ப்பவர் குழம்பமாட்டார். குனிந்து உண்பவரின் கண் தெரியாது என்பதால், முக்கியமான வசனத்தை ‘இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?’ என்ற கேள்விக்கு அவர் நிமிரும் நொடியில் வையுங்கள்.

ஒலிக்கு: வாளிக் கைப்பிடியில் துணி சுற்றுங்கள், எவர்சில்வர் சத்தம் வசனத்தை விழுங்கும். ‘சாம்பார், சாம்பார்’ என்ற குரல்களைத் தனியாகப் பதிந்து பிறகு சேருங்கள். மெல்லும் ஒலியும் ஒலிக்கூடத்தில்தான்.

குழந்தைகள், கிடா வெட்டு: என்ன அனுமதி?

14 வயதுக்குட்பட்ட குழந்தை நடிகருக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். நாளுக்கு ஐந்து மணி நேரம், தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வின்றி வேலை கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் வைப்புத் தொகையாகப் போக வேண்டும். ஆடு, கோழி திரையில் நடிப்பதற்கு இந்திய விலங்குகள் நல வாரியத்திடம் முன் அனுமதி. வெட்டுவதைப் படமாக்க முடியாது. மஞ்சள் தண்ணீர் தெளித்து ஆடு தலையாட்டும்வரை காட்டி, அடுத்து அண்டாவுக்குப் போய்விடுங்கள்.

தணிக்கையில் என்ன சிக்கல் வரும்?

சாதிப் பெயரை வசையாகச் சொல்லும் வரிகள் பெரும்பாலும் ஒலி நீக்கப்படும். நடுவில் ஓட்டை விழுந்தால் காட்சியே சாகும். டப்பிங்கில் அந்தச் சொல் இல்லாத ஒரு மாற்று வரியையும் அதே வாயசைவில் பதிந்து வையுங்கள். பெரும்பாலும் அந்த மாற்று வரிதான் கூர்மையாக இருக்கும். ‘உங்களுக்கு இலை அந்தப் பக்கம் போட்டிருக்கு’ என்பதை எந்த வாரியமும் நீக்காது. 2024 முதல் யு/ஏ சான்று 7, 13, 16 என்று மூன்று வயதுப் பிரிவில் வருகிறது. எந்தப் பிரிவுக்குப் போகிறீர்கள் என்று எடிட்டிங்குக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

வசன எழுத்து (சப்டைட்டில்) போடும்போது இதெல்லாம் காணாமல் போகாதா?

போகும், கவனிக்காவிட்டால். சோறு, சாதம், அன்னம் மூன்றும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகிவிடும். அங்கே சொல்லைத் துரத்தாமல் பேசுபவரின் மரியாதை அளவை மாற்றுங்கள்: ஒருவர் கொச்சையாக, மற்றவர் விறைப்பாக. ‘கை நனைக்க மாட்டோம்’ என்பதைக் கையைக் கழுவுவதாக மொழிபெயர்த்த கதையும் உண்டு. ‘உங்கள் வீட்டில் சாப்பிட மாட்டோம்’ என்று நேராகப் போடுங்கள். உணவுப் பெயர்களை அப்படியே விடுங்கள், விளக்கம் வேண்டாம். தட்டு திரையில் இருக்கிறது. காது கேளாதோருக்கான தமிழ் வசன எழுத்தைத் தனிக் கோப்பாகச் செய்யுங்கள். அதில் ‘வாளி உரசும் ஒலி’, ‘அடுத்த பந்தியில் சிரிப்பு’ என்பவையும் வர வேண்டும். பேசுபவரின் பெயரையும் போடுங்கள். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும் காட்சியில் பெயர் இல்லாத வரி யாருடையது என்று திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அதிலும் எல்லோர் வாயிலும் சோறு இருக்கும்போது.